பித்தளை உழக்கு

மருமகள் ஜெயபிரியா ஐந்தருவியில் மயங்கி விழுந்தாள் என்ற செய்தி வடகரைக்கு வந்து சேர்வதற்குள், அவள் பூச்சிமருந்தைக் குடித்துவிட்டாள் என்ற பேச்சு தெருவெல்லாம் சுற்றிவிட்டது. "வைரஸ் காய்ச்சல்தான் வே, வேற ஒண்ணுமில்ல" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, மந்திரமூர்த்தி சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு தென்காசிக்குப் பஸ் ஏறினார்.

அவருக்கே சந்தேகம்தான். மகன் பேச்சிராஜ் பட்டாளத்தில் இருக்கிறான். இவள் கொஞ்ச நாளாகத் தலைவலி, கண் மங்குகிறது என்று பகலிலேயே படுத்துக்கொள்கிறாள். போனில் யாரிடமோ அழுகிறாள். பூச்சிமருந்து இருக்கும் பம்புசெட் அறைச் சாவியோ அடுப்படி ஆணியில் தொங்குகிறது. அவர் குடும்பத்தில் ஒருத்தி மருந்தைக் குடித்தாள் என்று ஆகிவிட்டால், அப்புறம் எந்தக் கல்யாண வீட்டில் போய் முன்வரிசையில் உட்காருவது?

ஆஸ்பத்திரி வாசலில் மருமகளின் அண்ணன் பாண்டிராஜ் நின்றான். சிவகிரியில் போலீஸ் வேலை.

"வாங்க மாமா. வைரஸ்னு சொல்லிக்கிட்டு வாரீகளாம்லா? உங்க வீட்டு வைரஸ் எந்த உரக்கடையில விக்கி?"

"மரியாதையாப் பேசும் வே. போலீஸ் மிடுக்கெல்லாம் சிவகிரியோட வச்சுக்கிடும்."

"எந்தங்கச்சியை என்ன செஞ்சிய? அதை மட்டும் சொல்லுங்க."

"அவ என்ன செஞ்சான்னு அவகிட்டக் கேளும்."

உள்ளிருந்து டாக்டர் மெஹர் பானு வந்தார். "ரெண்டு பேரும் சத்தத்தைக் குறைங்க. பிள்ளைக்குக் கண்மணி ஊசிமுனையாச் சுருங்கிக் கிடக்கு. வேர்த்துக் கொட்டுது, தசையெல்லாம் துடிக்கி. வைரஸ் இப்படிச் செய்யாது. பூச்சிமருந்து."

பாண்டிராஜ் மந்திரமூர்த்தியை முறைத்தான். அவர் சுவரைப் பார்த்தார்.

"ஆனா குடிச்ச மாதிரித் தெரியல. வாயில வாடையே இல்ல. தலைமுடியிலதான் எண்ணெயோட சேர்ந்து அடிக்கி. தோல் வழியாவும் அது உள்ள போகும். நரம்பு தசைக்கு அனுப்புத சேதியை முடிச்சு வைக்க உடம்புல ஒரு நொதி இருக்கு. மருந்து அதை முடக்கிப் போடும். சேதி நிக்கவே நிக்காது, தசைக்கு ஓய்வே கிடையாது. தினம் துளித்துளியாப் போனாலும் அந்த முடக்கம் சேர்ந்துக்கிட்டே வரும். வீட்ல எண்ணெயை எதுல ஊத்தித் தேய்க்கா?"

அடுப்படி அலமாரியில் கவிழ்ந்திருக்கும் உழக்கு மந்திரமூர்த்தியின் கண்முன் வந்தது.

மருந்து டப்பாவோடு பிளாஸ்டிக் அளவுக் கிண்ணம் ஒன்று வரும். அதை அவர் சீந்துவதில்லை. தாத்தா காலத்துப் பித்தளை உழக்கில் அளந்துதான் தெளிப்பானில் ஊற்றுவார். வீட்டு உழக்கு பம்புசெட்டில் அநாதையாகக் கிடக்கலாமா? அதனால் வைக்கோலால் துடைத்து, தன் கையாலேயே கொண்டுவந்து அடுப்படி அலமாரியில் கவிழ்த்துவிடுவார். இந்தப் போகத்தில் ஒவ்வொரு தெளிப்புக்கும் அப்படித்தான். ஜெயபிரியா அந்த உழக்கில்தான் எண்ணெயைக் காய்ச்சித் தலைக்கு வைக்கிறாள். இன்று அருவிக் குளியலுக்காக உடம்பெல்லாம் தேய்த்திருப்பாள்.

"என்ன மாமா, முகம் மாறுது?"

குடிக்கவில்லை என்று டாக்டரே சொல்லியாயிற்று. மானம் தப்பியது. கடை எண்ணெயில் ஏதோ கலப்படம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

அப்போதுதான் பேரன் அபியின் முகம் நினைவில் வந்தது. ஒரு வாரமாகப் பிள்ளைக்கு வாயில் நீர் வடிகிறது, மூக்கு ஒழுகுகிறது. அதற்கும் வைரஸ் என்றுதான் சொல்லியிருந்தார். உலைக்கு அரிசி அளப்பதும் அதே உழக்கில்தான்.

போனை எடுத்தார். விரல் சரியாகப் பதியவில்லை. இரண்டு முறை வேறு யாருக்கோ போனது. கடைசியில் மனைவி எடுத்தாள்.

"சங்கரம்மா, சோத்தைக் கீழ கொட்டு. யாரும் வாயில வைக்கப்பிடாது. அந்த உழக்கைத் தொடாத. அபியைத் தூக்கிக்கிட்டு உடனே ஆட்டோவுல வா... நாந்தான்ட்டி. நாந்தான் அதுல மருந்து அளந்தேன்."

வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

பாண்டிராஜ் ஏதோ கேட்க வாயெடுத்தான். ஆனால் அவன் பார்வை போனைப் பிடித்திருந்த கையில் நின்றுவிட்டது. டாக்டரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரே, கை எத்தனை நாளா இப்படித் துடிக்கி?"

"அது வயசு." கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"நீட்டுங்க."

மந்திரமூர்த்தி விறைப்பாக நின்றார். பிறகு, ஊரே பார்க்கட்டும் என்பதுபோல, கையை முன்னால் நீட்டினார்.