முந்திரிக்கொத்தின் மேல் விழுந்த பழி

“கல்லாக்கும் அது, கல்லு! கடிச்சதும் படக்குண்ணு—”

“கொத்தைக் குத்தம் சொன்னா நாக்கு அழுகிப்போவும். ராத்திரி முழுக்க பல்லைக் கடிச்சு நொறுக்கினா, பின்ன பகல்ல—”

“ஆரு கடிச்சது? நானா?”

“இல்லே, பக்கத்து வீட்டுல எலி பிடிக்குற பூச்சை!”

“ஏட்டி, இருபத்திரண்டு வருசம் மஸ்கட்டுல கெடந்தேன். ஒரே ரூம்ல எட்டு பேரு. ஒருத்தனாவது எனக்க பல்லு சத்தம் போடுதுண்ணு பறைஞ்சிருப்பானா?”

“மத்த ஏழு பேரும் குறட்டை விட்டா, எவனுக்குக் கேக்கும்?”

மார்த்தாண்டம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பல் ஆஸ்பத்திரியின் மாடிப்படியில் ஜெபதாஸும் அவர் மனைவி தங்கபாயும் இப்படியாக ஏறிக்கொண்டிருந்தார்கள். ஜெபதாஸின் வலது கன்னம் வீங்கியிருந்தது. பின்னால் மகள் பெபிஷா ஒரு கையில் போனும் மறு கையில் தூக்குவாளியுமாக வந்தாள். வாளிக்குள் இருந்தது முந்திரிக்கொத்து.

பெபிஷாவின் கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் பாக்கி. பெண் வீட்டிலிருந்து போகும் பலகாரத்தில் பெண்ணின் அம்மா கையால் உருட்டிய முந்திரிக்கொத்து இருக்கவேண்டும் என்பது தங்கபாய் குடும்பத்தில் மாறாத வழக்கம். சிறுபயறை வறுத்துப் பொடித்து, பாகு காய்ச்சி, மும்மூன்றாக உருட்டி, மாவில் முக்கிப் பொரித்து, முதல் ஈட்டை எண்ணெயிலிருந்து எடுத்தாயிற்று. ஜெபதாஸ் அப்போது மாப்பிள்ளையின் அம்மா ஞானத்தோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சுக்கு நடுவே ஒன்றை எடுத்து வாயில் போட்டார். கடைவாய்ப்பல் பிளந்தது. “அம்மோ, கல்லு!” என்று அவர் போட்ட கூப்பாடு நாகர்கோவில் வரைக்கும் துல்லியமாகக் கேட்டுவிட்டது.

“மைனி சிரமப்படாண்டாம், பலகாரத்தை பேக்கரியிலயே சொல்லிருவோம்” என்று ஞானம் அன்பாகச் சொல்லிவிட்டாள்.

அந்த அன்பைத்தான் தங்கபாயால் தாங்க முடியவில்லை. பேக்கரி டப்பா போய் இறங்கினால் மாப்பிள்ளை வீட்டில் அவள் எப்படித் தலை நிமிர்வாள்? பல் உடைந்தது பல்லின் குற்றம்தான் என்று டாக்டர் வாயால் ஞானத்திடம் சொல்லவைக்காமல் ஊர் திரும்புவதில்லை என்று கிளம்பியிருந்தாள்.

டாக்டர் இந்துஜா சின்ன வயசுக்காரி. ஜெபதாஸைச் சாய்ந்த நாற்காலியில் கிடத்தி, வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தாள்.

“பல்லு எல்லாம் தேஞ்சு தட்டையா இருக்கே. காலையில எந்திரிக்கும்போ தாடை இறுக்கமா இருக்குமா? நெத்திப்பொட்டுல வலி?”

“அது வெயிலுக்க சூடு, டாக்டரே.”

“மழைக்காலத்துலயும் இருக்குமா?”

“அது குளிரு.”

“கன்னத்துக்குள்ள பல்லு பதிஞ்ச வெள்ளைக் கோடும் கெடக்கு. நீங்க தூக்கத்துல பல்லு கடிக்கிறீங்க, சார். வருசக்கணக்கா கடிச்சிருக்கணும். பல்லு முன்னாடியே கீறி இருந்திருக்கு.”

“கேட்டியளா?” தங்கபாய் நாற்காலிப் பக்கம் குனிந்தாள். “கேட்டியளா? கொத்துக்க குத்தம் இல்லே!”

“வாய்க்குள்ள பாத்து எதை வேணும்னாலும் பறையலாம். சாட்சி உண்டுமா?” என்றார் ஜெபதாஸ்.

“உண்டு. எடு மக்கா போனை.”

முந்தின நாள் ராத்திரி அப்பா, அம்மா கட்டில்களுக்கு நடுவே ஜன்னல் படியில் போனைப் பதிவில் போட்டு வைத்திருந்தாள் பெபிஷா. இப்போது அதை ஓடவிட்டாள். முதலில் ஃபேன் சத்தம். பிறகு நறநறவென்று, அம்மியில் வெறும் கல்லை இழுப்பதுபோல் ஒரு சத்தம்.

“இது அப்பா” என்றாள் பெபிஷா.

தங்கபாய் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஜெயித்த முகத்தோடு நின்றாள். சத்தம் நின்றது. ஃபேன் சுற்றியது. பிறகு போனுக்கு இன்னும் கிட்டத்தில் இன்னொரு நறநற. முன்னதைவிடப் பலமாக, நிதானமாக, நெல் குத்தும் மில் புறப்பட்டதுபோல்.

“இது ஆரு?” என்று எழுந்து உட்கார்ந்தார் ஜெபதாஸ்.

பெபிஷா கூரையைப் பார்த்தாள்.

“அது... ரோட்டுல லாரி போச்சு” என்றாள் தங்கபாய்.

“லாரி வீட்டுக்குள்ளயா போச்சு?”

“அம்மா, நீங்களும் கொஞ்சம் உக்காருங்க” என்றாள் டாக்டர். தங்கபாயின் இரண்டு கன்னத்தையும் விரலால் அழுத்தி, “கடிங்க... விடுங்க” என்றாள். அழுத்திய விரல் உள்ளே போகவே இல்லை. “அம்மாடி! தாடைச் சதை என்ன இரும்பா? இதை வச்சு நீங்க எதைக் கடிச்சாலும் பஞ்சாட்டம்தான் இருக்கும்.”

“கொத்து பஞ்சுதான் டாக்டரே! நான் ருசி பாத்துட்டுதானே சொல்லுதேன்.”

“ரெண்டு பேருக்கும் கல்யாண விசாரம் தலைக்குள்ள ஓடுது போல. விசாரம் கூடினா கடியும் கூடும்.”

“வயித்துப் பூச்சியாக்கும் காரணம்ணு நினைச்சு, இவருக்கு மூணு நாளா சாயாவுல பூச்சி மருந்து கலக்கிக் குடுத்தேனே!”

“ஏட்டி! அதானா சாயாவுக்கு வாழைப்பழ மணம்?”

“அடுத்த வீட்டு ரெனிஷாவும் தூக்கத்துல கடிப்பா, டாக்டரே. ஏழு வயசு. அவ அம்மைகிட்டயும் பூச்சி மருந்துதான் சொல்லிக் குடுத்திருக்கேன்.”

“இனி ஆருக்கும் சொல்லிக் குடுக்காதீங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டாள் டாக்டர். “கடிக்குறதுக்குப் பூச்சிதான் காரணம்னு சொல்லமுடியாது. சின்னப் பிள்ளைங்க நிறைய பேரு கடிக்கும், பல்லு விழுந்து முளைச்சு வளர வளர தானா விட்டுரும். குறட்டை விட்டாலோ, வாயால மூச்சு விட்டாலோ, காலையில தாடை வலிக்குன்னு சொன்னாலோ கூட்டிட்டு வரச்சொல்லுங்க.”

பெரியவர்களுக்கு வைத்தியம் வேறு. உடைந்த பல்லுக்கு ஒரு மூடி. தூங்கும்போது பல்லோடு பல் உரசாதபடி மாட்டிக்கொள்ள இரண்டு பேருக்கும் அளவெடுத்து ஆளுக்கொரு உறை. சாயங்காலத்துக்கு மேல் சாயா கூடாது. படுக்கும் முன் தாடைக்கு வெந்நீர் ஒத்தடம்.

“பகல்ல உதடு சேந்து இருக்கலாம், பல்லு மட்டும் சேரப்பிடாது. ஞாபகத்துக்கு அங்கங்க ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைங்க. அதைப் பாக்கும்போ எல்லாம் தாடையைத் தளர விடணும்.”

“நாங்க பொட்டு வைக்கிறதில்லியே, டாக்டரே” என்றாள் தங்கபாய் தயங்கி.

“உங்களுக்கு வேண்டாம்மா. மிக்ஸிக்கு வைங்க.”

“எனக்கு எதுல வைக்க?” என்றார் ஜெபதாஸ்.

“எப்பவும் எதைப் பாத்தா உங்களுக்குப் பல்லைக் கடிக்கத் தோணும்?”

ஜெபதாஸ் மனைவியின் நெற்றியைப் பார்த்தார்.

தங்கபாய்க்கு உறையும் ஒத்தடமும் பெரிதில்லை. “அதெல்லாம் செய்யுதேன். நீங்க எனக்கு ஒரு காரியம் செய்யணும். எனக்க சம்பந்திகிட்ட ஒரு வார்த்தை பறையணும்” என்றாள். டாக்டர் தலையசைப்பதற்குள் பெபிஷா நாகர்கோவிலுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்துவிட்டாள்.

“வணக்கம்மா. சாருக்குப் பல்லு உடைஞ்சது அவரு தூக்கத்துல கடிச்சதாலதான். பலகாரம் மேல தப்பில்ல” என்றாள் டாக்டர்.

தங்கபாய் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னாள்.

“சரி டாக்டர்” என்றது ஞானத்தின் குரல். “நீங்க அதைத் தின்னு பாத்தியளா?”

“நான்... இல்லே...”

“தின்னு பாக்காம எப்படிச் சொல்லுவிய?”

“அதானே!” என்று நாற்காலியில் இருந்தபடியே கை தட்டினார் ஜெபதாஸ்.

தங்கபாய் தூக்குவாளியைத் திறந்தாள். இருந்ததில் சிவப்பாக, வடிவாக, மூன்று உருண்டையும் பிரியாமல் ஒட்டியிருந்த ஒரு கொத்தை எடுத்து டாக்டரின் கையில் வைத்தாள். “தைரியமா கடிங்க. பஞ்சாக்கும்.”

டாக்டர் மாஸ்க்கை இறக்கினாள். கொத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பெபிஷா போனை டாக்டரின் வாய்க்குக் கிட்டே நீட்டினாள். டாக்டர் கடைவாயில் வைத்துக் கடித்தாள்.

‘டக்.’

டாக்டரின் கண்கள் வட்டமாயின. கை மெல்லத் தன் கன்னத்துக்குப் போயிற்று. ஜெபதாஸின் முகத்தில் பல் உடைந்த நாளிலிருந்து இல்லாத வெளிச்சம் பரவியது. தங்கபாய் அவரைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

“ஹலோ, டாக்டரே,” என்றாள் ஞானம், “அது என்ன சத்தம்?”