ஓட்வாரின் பெயரில் வந்தது

எங்கள் பக்கத்து வீட்டுக்காரன் பெயர் ஷெட்டில். நார்வேயில், பெர்கன் நகரத்து நிறுவனம் ஒன்றில் கணினிப் பாதுகாப்பு வேலை பார்த்தான். ஊழியர்களுக்குப் போலி மின்னஞ்சல் அனுப்பி, யார் ஏமாறுகிறார்கள் என்று சோதிப்பது அவன் வேலை. அந்த வேலையை வீட்டுக்கும் கொண்டுவந்தான். வீட்டில் ஏமாற இருந்தது ஒரே ஆள், அவன் மனைவி தூருன்.

பார்சல் காத்திருக்கிறது, கடவுச்சொல் காலாவதியாகிறது என்று வாரம் ஒன்று அனுப்புவான். அவள் இணைப்பை அழுத்தினால் திரையில் ஒரு கோமாளி முகம் வரும். அடுத்த அறையிலிருந்து அவன் குரல் வரும்: "மறுபடியும் மாட்டிக்கிட்டியா?"

தூருன் கற்றுக்கொண்டாள். அனுப்பியவர் முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தாள். அவசரம் என்றிருந்தால் கையை எடுத்துவிட்டாள். ஏழு மாதம் ஒரு தடவைகூடச் சிக்கவில்லை.

அது ஷெட்டிலுக்குப் பொறுக்கவில்லை. தூருனின் அண்ணன் ஓட்வார் வடக்கே ஒரு தீவில் இருந்தான். அப்பாவின் சாவுக்கு அவள் வரவில்லை என்று ஆறு வருடமாகப் பேச்சில்லை. அவன் பெயரில் ஷெட்டில் ஒன்று அனுப்பினான்: "அப்பா எடுத்த படங்கள் கிடைச்சுது, பாரு." தூருன் உடனே அழுத்தினாள்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாஃபிள் சாப்பிட எட்டுப் பேர் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். கோமாளி முகத்தோடு அவள் கைபேசியை மேசையைச் சுற்றி அனுப்பினான்.

"அண்ணன் பேரைப் பார்த்ததும் மூளையைக் கழட்டி வெச்சுட்டா. கண்ணுல தண்ணி வேற!"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். தூருன் காலியான ஜாம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை.

மார்ச்சில் இன்னொன்று வந்தது. தெரியாத முகவரி. ஓட்வார் படுத்த படுக்கையாக இருக்கிறார், தங்கையிடம் திரையில் முகம் பார்த்துப் பேச ஆசைப்படுகிறார், தாமதிக்காமல் இந்த இணைப்பை அழுத்துங்கள் என்று இருந்தது. தூருன் என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்.

"இதை அழுத்தாதே. அண்ணன் நம்பர்தான் உன்கிட்ட இருக்கே, கூப்பிட்டுக் கேட்டுடேன்" என்றேன்.

"அவன் நல்லா இருந்தான்னா? எதுக்குக் கூப்பிட்டேன்னு என்ன சொல்றது? அடுத்த ஞாயிறு வாஃபிளுக்கு அந்தக் கதைதான் ஓடும்."

என் கண்முன்னாலேயே அழித்தாள். மறுநாளும் அதே வந்தது. அதையும் அழித்தாள்.

பத்து நாள் கழித்துத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. ஓட்வார் இறந்துவிட்டான்.

ஷெட்டில் கார் ஓட்ட, தூருனோடு நானும் அந்தத் தீவுக்குப் போனேன். அடக்கம் முடிந்ததும், ஓட்வாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட செவிலி தூருனின் கையைப் பிடித்தாள்.

"நான்தான் உங்களுக்கு எழுதினேன். நீங்க வருவீங்கன்னு ரெண்டு நாள் திரையை நெஞ்சு மேலயே வெச்சிருந்தார். சார்ஜ் போடக்கூட எடுக்க விடல. அப்புறம், 'அவளுக்கு இன்னும் கோபம் போல'ன்னார்."

தூருன் வாய் திறக்குமுன் ஷெட்டில் குறுக்கே வந்தான். "எந்த முகவரியிலிருந்து அனுப்பினீங்க? உங்க சொந்த முகவரியா? அப்படி அனுப்பினா யாரும் சந்தேகப்படத்தான் செய்வாங்க. தப்பு உங்க பேர்லதான்."

அந்தப் பெண் முகம் வெளுத்துப்போனாள்.

திரும்பும் வழியில், கார்களையும் ஏற்றிச் செல்லும் படகில் எங்கள் காரும் வரிசையில் நின்றது. ஷெட்டில் முன்சீட்டிலிருந்து பேசிக்கொண்டே வந்தான்.

"நீ அழுத்தாம இருந்தது சரிதான். ஆனா ஒரு போன் பண்ணிருக்கணும். அதுதானே முறை? எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

"நீ அனுப்பினதுன்னு நினைச்சேன்" என்றாள் தூருன்.

"சாகக் கிடக்கிற ஆளை வெச்சு நான் விளையாடுவேனா?"

அவள் என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். அந்த மேசையில் சிரித்தவன் நான், கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். கதவைத் திறந்து இறங்கினாள். காற்று வாங்கப் போகிறாள் என்று அவன் நினைத்தான்.

படகு கரை சேர்ந்ததும் நடந்து இறங்குபவர்களை முதலில் விட்டார்கள். கையில் பையில்லாமல், அவர்களோடு தூருன் போவதைப் பார்த்தேன். பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. ஷெட்டில் வண்டியை நகர்த்தியே ஆக வேண்டியிருந்தது. துறையைத் தாண்டி ஓரமாக நிறுத்தி இருவரும் ஓடிவந்து பார்த்தோம்; தூருன் இல்லை. எங்கள் ஊருக்கு எதிர்த்திசையில், வடக்கே போகும் பேருந்து அதற்குள் கிளம்பியிருந்தது.