மதிலில் ஒட்டிய சாவு

ஹனீபாவின் பலசரக்குக் கடையில் எனக்கிருந்த கடன் நாலாயிரத்து முந்நூற்று எண்பது ரூபாய். அதில் கொஞ்சமாவது கட்டலாம் என்று வெள்ளிக்கிழமை கொழும்புத்துறைச் சந்திக்குப் போனேன். கடைக்கு எதிர் மதிலில் ஒரு சுவரொட்டி, அதில் வரைந்த என் முகம். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே ‘அமரர் ஜோர்ஜ், கூலித்தொழிலாளி’.

நாற்பது வயதுக்குப் பிறகு தேவாலயத்து மாலை வகுப்பில்தான் எழுத்துப் படித்தேன். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் ‘அமரர்’ என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

ஹனீபா என்னைக் கண்டதும் கையிலிருந்த சீனிப் பையைக் கீழே விட்டார்.

“அண்ணை! நீங்கள் மௌத்து எண்டெல்லோ ஒட்டியிருக்கு! உங்கடை கடனைக் காலமையே மன்னிச்சு வெட்டிப்போட்டன்.”

“ஆர் வெட்டச் சொன்னது?”

“செத்தவரைக் கடனோடை அனுப்பக்கூடாது, அண்ணை.”

“நான் எங்கையும் போகேல்லை!”

யார் வரைந்தது என்று பார்த்தவுடன் தெரிந்தது. கிராஃபிக் நாவல் போடுகிறேன் என்று வந்து, இரண்டு நாள் என்னை வேலைக்குப் போகவிடாமல் முன்னால் இருத்தி வரைந்த அனோஜன். என் பெயரையே போடலாமா என்று கேட்டான். ஓம் என்றேன். சாகடிப்பான் என்று யார் கண்டது? புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையே விளம்பரமாக அடித்து ஊரெல்லாம் ஒட்டியிருந்தான். சனிக்கிழமை நல்லூரில் வெளியீடு என்று அடியில் பொடி எழுத்தில் கிடந்தது. அதை யார் குனிந்து பார்ப்பார்கள்?

வீட்டுக்கு வந்தால், யாரோ அனுப்பிய சுவரொட்டிப் படத்தைப் பார்த்துக் கனடாவிலிருந்து மைத்துனி போனில் அழுதுகொண்டிருந்தாள். “மனுசன் இந்தா வாசல்லை நிக்குது, நீ அழாதை” என்று என் மனைவி யோசப்பின் கத்தினாள். அதற்குள் நான் கட்டட வேலைக்குப் போகும் கொந்தறாத்துக்காரர் சண்முகநாதன் என் இடத்துக்கு வேறு ஆளைப் பிடித்துவிட்டார்.

சனிக்கிழமை நல்லூருக்குப் போனேன். பின்வரிசையில் இருந்து புத்தகத்தைப் புரட்டினேன். எழுத்துப் படித்த நாளிலிருந்து நான் விரும்பி வாசிப்பது படக்கதைதான். இந்தப் புத்தகம் முழுக்க என் வாயிலிருந்து ஒரு சொல் இல்லை. சண்முகநாதன் ஈரக் கொங்கிறீற்றில் இடுப்பளவு புதைந்த கதையை நான் சொன்னபோது, தேத்தண்ணி சிந்தச் சிந்தச் சிரித்தவன் இவன்.

மேடையில் விமர்சகர் ஒருவர் பேசினார். “அண்மைக்காலச் சித்திரக்கதைகளில் மிகத் துணிச்சலான முடிவு இது. பேசாத தொழிலாளிக்கு மரணமே மொழியாகிறது.”

எழும்பினேன். “ஐயா, உந்தச் செத்த ஆள் நான்தான்.”

எல்லோரும் கைதட்டினார்கள். நிகழ்ச்சியில் இதுவும் ஒன்று என்று நினைத்துவிட்டார்கள். ஒரு பிள்ளை படம் எடுத்தது.

“கை தட்டாதேங்கோ! இப்ப வாற படக்கதையளிலை எங்கடை ஆக்கள் ஒண்டில் அழுகினம், இல்லாட்டிச் சாகினம். ஒருத்தன் சண்டை பிடிக்கிறானோ? ஒருத்தி பகிடி விட்டுச் சிரிக்கிறாளோ? இரண்டு நாள் வாய் ஓயாமல் உவனோடை கதைச்சன். பேசாத ஆளாம்!”

விமர்சகர் அனோஜன் பக்கம் திரும்பினார். “இவர் கதைச்சதெல்லாம் எங்கை, தம்பி?”

“பகிடியள் கதைக்குப் பொருந்தேல்லை, சேர். முடிவு கனமா இருக்கோணும்.”

“கனம் வேணுமெண்டால் சீமெந்துப் பையைத் தூக்கு!” என்றேன். “உன்ரை கனத்தாலை எனக்குத் திங்கட்கிழமை வேலை இல்லை.”

இப்போது யாரும் கைதட்டவில்லை. அந்த இடத்திலேயே அவனைக்கொண்டு சண்முகநாதனுக்குப் போன் எடுப்பித்தேன்.

“உயிரோடையோ? அப்ப திங்கள் வேளைக்கு வரச்சொல்லும்” என்றார் அவர். “செத்ததைச் சாட்டிப் பிந்தி வரவேண்டாம்.”

படம் வரைய முன்னால் இருந்த இரண்டு நாளுக்கும் கூலி ஆறாயிரம் அனோஜனிடம் கேட்டு வாங்கினேன். கடைசிப் பக்கத்தை மாற்று என்றேன்.

“அச்சடிச்சாச்சு, அண்ணை.”

“அப்ப நான் அதுக்குள்ளை செத்தே கிடக்கிறதோ?”

அவனைக் கையோடு சந்திக்குக் கூட்டிவந்து சுவரொட்டியை உரிக்கவைத்தேன். நல்ல பசை. என் நெற்றியும் ஒரு காதும் மதிலோடு நின்றுவிட்டன.

ஹனீபாவின் மேசையில் நாலாயிரத்து முந்நூற்று எண்பதையும் எண்ணி வைத்தேன்.

“வேண்டாம், அண்ணை. மன்னிச்சது மன்னிச்சதுதான்.”

“மன்னிச்சது உவன் கீறின ஆளுக்கு. இது நான் திண்ட அரிசி.”

அவர் சிரித்துக்கொண்டு காசை மேசை லாச்சிக்குள் போட்டார். “மௌத்தானவர் வந்து கடன் கட்டி இண்டைக்குத்தான் பாக்கிறன்.”

“ஒரு கட்டுப் பீடி தாங்கோ” என்றேன். “கணக்கிலை எழுதுங்கோ.”