கல்நார் பூசிய கால்

என் வீட்டுக்காரர் ஆறுச்சாமிக்குப் பாம்பென்றால் பயமில்லை, பேயென்றால் பயமில்லை. நெருப்புத்தான் ஆகாது. சுருட்டைப் பற்ற வைக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவார். அப்படிப்பட்டவர், 1936இல் எனக்கு விஷக்காய்ச்சல் கண்டு கோபி டாக்டர் கைவிரித்தபோது, நேராக மாரியம்மனிடம் போய், இவளைப் பிழைக்க வைத்தால் குண்டம் இறங்கித் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிவிட்டார். நான் பிழைத்துக்கொண்டேன். அதன் பிறகு அவருக்குத்தான் காய்ச்சல் வந்த மாதிரி ஆகிவிட்டது.

குண்டத்துக்கு எட்டு நாள் இருந்தது. நானும் அவரும் விரதம். தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்தும்போது பாறை இடுக்கில் வெள்ளையாக ஒரு கல் வந்தது. நகத்தால் கீறினால் பஞ்சு மாதிரி நார் நாராகப் பிரிந்தது. கோயமுத்தூரில் ஒரு மில்லில் பாய்லர் பார்க்கும் என் தம்பி தம்பிதுரை குண்டம் நோம்பிக்கு வந்திருந்தான்.

"மச்சான், இது கல்நாருங்க. எங்க மில்லுல பாய்லர் குழாய்க்கு இதத்தான் சுத்தி வெச்சிருக்காங்க. தீயில போட்டாலும் வேகாது."

அடுப்பில் ஒரு கொத்தைப் போட்டுக் காட்டினான். செக்கச்செவேலென்று பழுத்தது, எடுத்து ஆறவிட்டால் பழையபடி வெள்ளை. அன்று என் வீட்டுக்காரர் இரண்டு உருண்டை களி கூடுதலாகச் சாப்பிட்டார். எனக்குக் காரணம் புரியவில்லை.

குண்டத்தன்று காலையில், ஆற்றில் குளித்து வந்ததும், அவரும் தம்பியும் மாட்டுச்சாளைக்குள் போய் நாரை இடித்துக் கஞ்சிப் பசையில் குழைத்துப் பாதத்தில் பூசி, மேலே மஞ்சளை அப்பியிருக்கிறார்கள். என்னிடம் மூச்சு விடவில்லை.

பூசாரி இறங்கினார். வரிசை நகர்ந்தது. நாற்பது பேருக்குப் பின்னால் நின்ற இவர் திடீரென்று குதிக்க ஆரம்பித்தார்.

"ஏப்பா ஆறுச்சாமி, குண்டம் அங்க இருக்குது. நீ இங்கயே குதிக்கறயே!" என்றார் பக்கத்துத் தோட்டத்து நஞ்சப்பன்.

"அருள் வந்திருச்சு!" என்று யாரோ கத்த, பெண்கள் குலவையிட்டார்கள். நான் ஓடினேன்.

"ஏனுங்க, என்ன ஆச்சுங்க?"

"அரிக்குது, அம்மணி! உன்ற தம்பி பூசுன கல்நாரு. ஊசி ஊசியாக் குத்துது."

அப்போதுதான் விஷயமே எனக்குத் தெரிந்தது. கல்லில் தேய்த்துத் தேய்த்துப் பூச்சு முழுவதும் போய்விட்டிருந்தது. வெறுங்காலைக் குனிந்து பார்த்ததும் குதிப்பு நின்றுவிட்டது.

"என்னால ஆகாது, அம்மணி. ஆனா நேந்துபோட்டேனே. இறங்காம உட்டு உனக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?"

"காய்ச்சல் எனக்குத்தானுங்களே வந்துச்சு? நானே இறங்கிப்போடறேன். நவுருங்க."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவருக்கு முன்னால் நுழைந்தேன். எங்கள் ஊரில் பெண்களும் இறங்குவதுண்டு. அவரை உசுப்பிவிடச் சொன்னதல்ல. நிஜமாகவே இறங்கப் போனேன்.

வரிசை நகர்ந்து, முன்னால் மிச்சமிருந்த இருவரும் போனதும் தணல் தெரிந்தது. காலைத் தூக்கினேன். ஒரு கை என் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளியது. நான் நிமிர்வதற்குள் மனிதர் பாதிக் குண்டம் தாண்டியிருந்தார். எல்லோரும் அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடுகிற இடத்தில் இவர், "பழனாத்தா! பழனாத்தா!" என்று என் பெயரைக் கத்திக்கொண்டு ஓடினார். அதற்கு முன்னும் பின்னும் நான் அவருக்கு அம்மணிதான். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது.

காலில் சுட்ட காயம் ஒன்றுகூட இல்லை. சொறிந்த காயம்தான் ஒரு வாரம் இருந்தது. தொட்டுக் கும்பிட வந்த சனங்களிடம் காட்டாமல் காலை வேட்டிக்குள் இழுத்துக்கொள்வார். நான் தேங்காயெண்ணெய் தடவும்போது மெதுவாகக் கேட்டார்:

"ஏன் அம்மணி, பூசுனது அம்மனுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சதுனாலதானுங்க அரிக்க உட்டுது."