பக்கத்து இருக்கைக்காரி

எங்கள் சுற்றுலாத் தலைவி டார்லா ஆம்ஸ்டுட்ஸுக்குத் தலையை எண்ணுவது பிடிக்காது. ஆட்டு மந்தையை எண்ணுவது போல இருக்கிறதாம். அதனால் பேருந்து கிளம்புவதற்கு முன்னால் டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "பக்கத்தாள் வந்தாச்சா?" என்று கூவுவாள். நாங்கள் எல்லோரும் பக்கத்து இருக்கையைப் பார்த்துவிட்டு, "வந்தாச்சு!" என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் போலக் கத்த வேண்டும். பக்கத்தாள் வராவிட்டால் கையைத் தூக்க வேண்டும். பக்கத்தாளை விட்டுவிட்டு எங்கும் நகரக் கூடாது என்பது இன்னொரு சட்டம். எங்கள் ஒஹாயோ தேவாலயத்து மூத்தோர் குழு இப்படித்தான் ஊர் ஊராகச் சுற்றுகிறது. இதுவரை ஒருத்தர்கூடத் தொலைந்ததில்லை என்று அவளுக்குப் பெருமை வேறு.

எனக்கு வாய்த்த பக்கத்தாள் பெர்னடீன் கெஸ்லர். மற்றவர்கள் எல்லாம் புருஷன் பெண்டாட்டியாக வந்திருந்தார்கள். துணையில்லாதவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்பதால் எங்களை ஒன்றாகக் கட்டிப்போட்டுவிட்டார்கள், பேருந்திலும் சரி, ஓட்டல் அறையிலும் சரி. பெர்னடீனுக்கு நுரையீரல் கெட்டுப்போய்விட்டது. தோளில் கைப்பை மாதிரி ஓர் ஆக்சிஜன் இயந்திரம், மூக்கில் குழாய். மூச்சுதான் குறைச்சல், பேச்சுக்கு ஒரு குறைச்சலும் இல்லை. மருமகள் சமையல், எதிர்வீட்டு நாய், செத்துப்போன புருஷனின் முழங்கால் வலி என்று பஃபலோ நகரம் வந்து சேர்வதற்குள் என் காது புளித்துவிட்டது.

பேச்சோடு விட்டாளா? வேர்க்கடலை வெண்ணெயை உருண்டை பிடித்து, சாக்லேட்டில் முக்கி, ஒரு தகர டப்பா நிறையக் கொண்டுவந்திருந்தாள். ஒவ்வோர் இடத்திலும் எல்லோரும் ஏறி உட்கார்ந்ததும், குழாய் ஆட ஆட எழுந்து போய் வரிசை வரிசையாக நீட்டுவாள். அன்று காலை எனக்குப் பொறுக்கவில்லை.

"போதும்டி பெர்னடீன், உக்காரு. எல்லாரும் மரியாதைக்குத்தான் எடுக்கறாங்க. பின்னாடி எல்வுட் குரோவுக்குச் சர்க்கரை வியாதி. அந்த ஆள் மூஞ்சிக்கு நேரா போய் நீட்டறியே, உனக்கே நல்லாருக்கா?"

எங்களுக்குப் பின்னால் எல்வுட் ஜன்னலைப் பார்த்தான். அவன் மனைவி மாவிஸ் வழக்கம்போல அவனுக்கும் சேர்த்து, "வேண்டாம்மா, நன்றி" என்றாள்.

பெர்னடீன் டப்பாவை மூடினாள். "சரி ராபர்ட்டா. இனிமே நீட்டலை" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு மத்தியானம் வரை அவள் வாயைத் திறக்கவில்லை. அப்பாடா என்றுதான் எனக்கு இருந்தது.

கடைசியாகப் பார்க்கப் போனது ஒரு ராட்சசத் தானியக் குதிர். ஏரிக்கரையில் அந்தக் காலத்தில் கோதுமை கொட்டிவைத்த கான்கிரீட் குதிர் அது. கூட்டமாக வருகிறவர்களுக்கென்றே அதைக் காட்சிக்கூடமாக மாற்றி அந்த வசந்தத்தில்தான் திறந்திருந்தார்கள். உள்ளே நிறுத்தி, விளக்கை அணைத்து, கும்மிருட்டில் பழைய மூட்டைத் தொழிலாளிகளின் குரலைக் கேட்க வைக்கிறார்கள். இருட்டில் வெளிச்சம் அடிக்கக் கூடாது என்று போன்களைப் பேருந்திலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். அன்றைக்கு நாங்கள்தான் கடைசிக் குழு.

காட்சி முடிந்து விளக்கு வந்தது. வழிகாட்டிப் பெண் எல்லோரையும் மறுபக்கத்து இரும்புக் கதவு வழியாக அழைத்துப் போனாள். பெர்னடீன் தூணுக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு நிமிஷம், ராபர்ட்டா. மூச்சு வாங்குது. நீ போ."

"போறதா? அப்புறம் டார்லாகிட்ட யார் வாங்கிக் கட்டிக்கறது?" என்று நானும் எரிச்சலோடு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவளுக்கு மூச்சு நிதானப்படுவதற்குள் கதவு சறுக்கி மூடிக்கொண்டது. கூடவே எங்கேயோ ஒரு விசை இறங்கும் சத்தம். விளக்கு எல்லாம் போய்விட்டது.

சுவரைத் தடவிக்கொண்டு போய்க் கதவைக் கண்டுபிடித்தேன். திறப்பதற்கு ஒரு பொத்தான் இருந்தது. மின்சாரத்தை நிறுத்திவிட்டதால் அது செத்துக் கிடந்தது. வந்த வழிக் கதவும் அதே கதைதான். அவசர வழிக்கு இன்னும் வேலை நடக்கிறது என்று மறுநாள் சாவகாசமாகச் சொன்னார்கள், பாவிகள்! நான் தொண்டை கிழியக் கத்தினேன். என் குரலே ஏழெட்டுப் பேராகத் திரும்பி வந்து என் மேல் விழுந்தது. வெளியே ஒரு ஈ காக்காய்க்குக் கூடக் கேட்டிருக்காது.

"கத்தாதே, ராபர்ட்டா" என்றாள் பெர்னடீன். "வண்டி கிளம்பறதுக்குள்ள டார்லா கேப்பா இல்ல? நம்மளைத் தேடி வருவாங்க."

"என்ன கேப்பா?"

"பக்கத்தாள் வந்தாச்சான்னு."

"உன் பக்கத்தாள் யாருடி?"

"நீதான்."

"என் பக்கத்தாள்?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. கையைத் தூக்க வேண்டிய இரண்டு பேரும் இங்கே இருட்டில் உட்கார்ந்திருக்கிறோம். அங்கே எல்லோரும் "வந்தாச்சு!" என்று கத்திவிட்டு மீன் வறுவல் சாப்பிடக் கிளம்பியிருப்பார்கள். ஓட்டலிலும் எங்கள் அறையில் எங்களைத் தவிர வேறு யாரும் கிடையாது. விடியும்வரை ஒருத்தரும் தேடப்போவதில்லை.

இயந்திரத்தில் பச்சையாக இரண்டு பொட்டு வெளிச்சம் தெரிந்தது. காலையில் நான்கு இருந்தது.

"இன்னொரு பேட்டரி எங்க?"

"வண்டியில. டப்பாகிட்ட."

பழக்கத்தில் என் பையைத் தடவினேன். போனும் வண்டியில்தான்.

"உருண்டை வரலைன்னா யாராவது கேப்பாங்க" என்றாள் அவள். சொல்லி முடித்தபிறகுதான் அவளுக்கே நினைவு வந்தது போலிருக்கிறது. காலையில் நான்தானே அதை நிறுத்தினேன். அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

செருப்பைக் கழற்றிக் கதவில் அடித்தேன். கை மரத்துப்போகும்வரை அடித்தேன். திரும்பி வந்தபோது பச்சை போய்ச் சிவப்பு ஒன்று மினுக்கிக்கொண்டிருந்தது. கான்கிரீட்டிலிருந்து குளிர் எலும்புக்குள் இறங்கியது. என் கோட்டைக் கழற்றி அவள் மேல் போட்டேன்.

"நீ பேசாதே. மூச்சைச் சேத்து வை. இருக்கேன்னு மட்டும் என் கையில ஒரு தட்டு தட்டு."

தட்டினாள்.

அவள் வாயை மூடமாட்டாளா என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தவள் நான். இப்போது அந்த இருட்டில் சத்தமே இல்லாமல் இருப்பதைத் தாங்க முடியவில்லை. அதனால் நானே பேசினேன். என் மருமகளைப் பற்றிச் சொன்னேன். என் புருஷன் போன வருஷம் போனதையும், அதற்குப் பிறகு வீட்டில் தொலைக்காட்சியை அணைப்பதே இல்லை என்பதையும் சொன்னேன். இதையெல்லாம் நான் பெற்ற பெண்ணிடம்கூடச் சொன்னதில்லை. நடுநடுவே நிறுத்துவேன். அவள் தட்டுவாள்.

இயந்திரம் நீளமாக ஒரு முறை கூவிவிட்டு நின்றது.

அதற்குப் பிறகு அவள் மூச்சு மட்டும்தான் கேட்டது. அடைத்துப்போன குழாயில் தண்ணீர் இழுப்பது போல ஓர் இழுப்பு. தட்டுவதற்கு நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு தட்டவில்லை.

"பெர்னடீன்! ஏய், எதிர்வீட்டு நாய் பேரு என்னடி? சொன்னியே! பேசுடி, என் கண்ணு, எவ்வளவு வேணும்னாலும் பேசு!"

விரல் ஒன்று அசைந்த மாதிரி இருந்தது. என் பிரமையோ என்னவோ. கடவுளை நான் கூப்பிட்டது அப்போதுதான், அதுவும் திட்டித்தான் கூப்பிட்டேன்.

அப்போது விளக்கு எரிந்தது. கதவு முழுசாகத் திறப்பதற்குள் அந்த இடுக்கில் உடம்பை நுழைத்துக்கொண்டு முதலில் வந்தது எல்வுட் குரோ. ஒரு கையில் பேட்டரி. முகவாய்க்கட்டையெல்லாம் சாக்லேட்.

நடந்தது இதுதான். பேருந்து ஊரைத் தாண்டியதும் மாவிஸ் தூங்கிவிட்டாள். அதற்காகவே காத்திருந்த எல்வுட், எங்கள் இருக்கைக்கு மேலாகக் கையை விட்டு, டப்பாவைத் திறந்து ஓர் உருண்டையை வாயில் போட்டிருக்கிறான். யாரும் அதட்டவில்லை. இன்னொன்றும் போட்டிருக்கிறான். அப்போதும் யாரும் அதட்டவில்லை. ராபர்ட்டா சும்மா இருக்கிற ஆளில்லையே என்று எட்டிப் பார்த்திருக்கிறான். இரண்டு இருக்கையும் காலி. வாய் நிறைய உருண்டையோடு, "வண்டியை நிறுத்துங்க!" என்று அவன் போட்ட கூச்சலில் மாவிஸ் விழித்துக்கொண்டாளாம். வண்டி திரும்பி வந்து, பூட்டிவிட்டுப் போன ஆளைத் தேடிப் பிடித்து மின்சாரத்தைப் போட வைக்க இவ்வளவு நேரமாகியிருக்கிறது.

ஆம்புலன்ஸ்காரர்கள் பெர்னடீனுக்கு முகமூடி போட்டார்கள். நீலமாக இருந்த உதடு மெல்ல நிறம் திரும்பியது. கண்ணைத் திறந்து எல்வுட்டைப் பார்த்தவள், முகமூடியை விலக்கினாள்.

"எத்தனை எடுத்தே?"

"ரெண்டுதான்" என்றான் எல்வுட், மாவிஸைப் பார்க்காமல்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. டார்லா ஒரு மூலையில் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். அவளைத் திட்ட என்னிடம் அப்போது தெம்பில்லை.

இன்னும் சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மறுநாள் காலை குழு நயாகராவுக்குக் கிளம்பியது. டார்லா முன்னால் வந்து நின்று, விரலால் ஒவ்வொரு தலையாக எண்ணினாள். எண்ணி முடித்தபிறகும் பழக்கதோஷத்தில், "பக்கத்தாள் வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டாள்.

"வந்தாச்சு" என்றார்கள் எல்லோரும், சுரத்தில்லாமல்.

நான் கையைத் தூக்கினேன்.

"ராபர்ட்டாம்மா, அவங்க ஆஸ்பத்திரியில இருக்காங்கன்னு எல்லாருக்கும் தெரியுமே..."

"சட்டம் உன்னுதுதானே? பக்கத்தாளை விட்டுட்டு நகரக் கூடாது. என் பெட்டியை இறக்கச் சொல்லு."

டப்பாவைத் திறந்து, முன்னாலிருந்து பின்னால்வரை வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டே போனேன். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். மாவிஸ் ஒன்றை எடுத்து, பாதியாகப் பிட்டு, எல்வுட் கையில் வைத்தாள். பெர்னடீனுக்கு என்று கொஞ்சம் மிச்சம் வைத்து மூடிக்கொண்டு நான் இறங்கினேன்.