முத்திருளன் நின்ன இடம்

பாரிஸிலிருந்து வருகிறவன் சென்ட்டு பாட்டிலும் சாக்லேட்டும் கொண்டுவந்தால் போதாதா? ஜெயபாண்டி, தன் சிநேகிதன் அழகுபாண்டி எழுதிய நாவலையும் பக்கத்துக்குப் பக்கம் மடித்துக் கொண்டுவந்தான்.

"மாப்ள, இதுல வர்ற இடமெல்லாம் ஒருநாள் சுத்திப் பாக்கணும். எங்க பாரிஸ்ல கதையில வர்ற ஆளு குடியிருந்த வீட்டைக்கூடத் தேடிப் போயி போட்டோ எடுக்குறாய்ங்க!"

அழகுபாண்டி பேச்சை மாற்றப் பார்த்தான். காரணம், நாவலில் வருகிற முத்திருளன். கல்யாணப் பத்திரிகையில் தன் பேரைப் போடவில்லை என்று கோவித்துக்கொண்டு, பந்தியில் உட்காராமல் மண்டப வாசலில் முறைத்தபடி நிற்கிற ஆசாமி. படித்தவர்களெல்லாம் அந்த இடத்தில்தான் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் அச்சு அசல் ஜெயபாண்டியேதான். அழகுபாண்டியின் கல்யாணப் பத்திரிகையில் அச்சாபீஸ்காரன் இவன் பேரை விட்டுத் தொலைக்க, வருசக்கணக்கில் இவன் பேசவில்லை. இப்போது நாவல் விசயமும் தெரிந்தால் என்ன ஆவது? காலேஜில் ஒரே தட்டில் சாப்பிட்டவன். இன்னொரு தடவை அவனை இழக்க அழகுபாண்டிக்குத் தெம்பில்லை.

சமயநல்லூரிலிருந்து காரில் கிளம்பினார்கள். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் தமிழ்ச்செல்வி சேர்ந்துகொண்டாள். கூடப் படித்தவள், இப்போது டீச்சர், வாய் ஜாஸ்தி. கதாநாயகி பூ வாங்குகிற கடை எது என்று ஜெயபாண்டி கேட்க, அழகுபாண்டி வாய்க்கு வந்த கடையைக் காட்டினான். ஜெயபாண்டி அதைச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுத்தான்.

"வாங்குனா வாங்குங்கண்ணே, யாவாரத்தை மறைக்காதீங்க" என்று கடைக்காரம்மா விரட்டியது.

அடுத்தது கோரிப்பாளையம். கல்யாண மண்டபம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை.

"முத்திருளன் எங்கடா நின்னான்?"

"அந்தா, அந்தப் போஸ்ட்டுக்கிட்ட" என்றான் அழகுபாண்டி.

"இல்ல, இங்கன" என்று ஜெயபாண்டி ரோட்டிலேயே இறங்கி நின்றுவிட்டான். ஒரு ஆட்டோக்காரர் அவன் பரம்பரையையே வாழ்த்திவிட்டுப் போனார்.

தமிழ்ச்செல்விக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏப்பா அழகு, முத்திருளன்னா நெசத்துல யாரு? சொல்லேன், கேப்போம்."

படுபாவி, வேண்டுமென்றே மாட்டிவிடுகிறாளே என்று அழகுபாண்டி பதறினான். "யாருமில்ல. முழுக்கக் கற்பனை."

"சும்மா சொல்லு மாப்ள" என்றான் ஜெயபாண்டி.

"மீனாட்சி சத்தியமா கற்பனைடா. வேணும்னா, எங்க ஆபீஸ்ல ஒரு திண்டுக்கல்காரன் இருந்தான், லேசா அவன் சாயல் இருக்கும்."

ஜெயபாண்டியின் முகம் சுண்டிப்போனது. அதற்குப் பிறகு அவன் ஒரு போட்டோகூட எடுக்கவில்லை.

மதியம் மெஸ்ஸில் இலை போட்டு, சோறும் கறிக்குழம்பும் வந்துவிட்டன. ஜெயபாண்டியை மட்டும் காணோம். எட்டிப் பார்த்தால், வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

"கோவிச்சுக்கிட்டான்டா. போ, போயிக் கூப்பிடு" என்றாள் தமிழ்ச்செல்வி.

சரி, கண்டுபிடித்துவிட்டான். இனி மறைத்து என்ன புண்ணியம்? அழகுபாண்டி வெளியே போய்ச் சட்டென்று சொல்லிவிட்டான். "மன்னிச்சிரு மாப்ள. முத்திருளன் நீதான்."

"அது எனக்குத் தெரியாதா? பாரிஸ்ல எம்புட்டுப் பேர்ட்ட சொல்லி வச்சிருக்கேன், அது நான்தான்னு! நீ என்னடான்னா எவனோ திண்டுக்கல்காரங்குற!"

"கேலியால்லடா எழுதியிருக்கேன்?"

"கேலி பண்ணா பண்ணிட்டுப் போ." ஜெயபாண்டி கட்டிய கையை அவிழ்க்கவில்லை. "அன்னைக்கு நீ மணவறையில இருந்த. ஒரு பய வந்து என்னையச் சாப்பிடக் கூப்பிடல. பசியோட பஸ் ஏறுனேன்டா. உன் கதையில மாப்பிள்ளையே மாலையோட எந்திரிச்சு வந்து, கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி பந்தியில உக்கார வைக்கிறான். அந்தப் பக்கத்தை எத்தனை தடவை படிச்சிருப்பேன்! அது நானில்லன்னு மீனாட்சி மேல சத்தியம் பண்ணிட்டியேடா."

அழகுபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. "சாப்பிட வாடா" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தான்.

ஜெயபாண்டி அசையவில்லை. "இன்னொருக்கா கூப்பிடு" என்றான்.