வெயிட்டிங் லிஸ்டில் எமன்

"எமன்னு ஒருத்தன் வந்தா வெயிட்டிங் லிஸ்ட்ல போட்டு உக்கார வை, அருளு. பான்சி மொளைக்காம இந்த வூட்ட வுட்டு நான் நகர மாட்டேன்."

முப்பத்தெட்டு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்த எட்மண்ட் இப்படிச் சொல்லிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. இப்போது அவரை ஃப்ரீசர் பெட்டிக்குள் படுக்க வைத்து, பெட்டிக்கார மாரி பிளக்கைச் சொருகிய நொடியில் வீடு முழுக்க கரண்ட் போயிற்று.

"உள்ள ஏசி ஓடுதாம்மா?" என்றான் மாரி. "ரெண்டையும் சேத்து லைன் இழுக்காது. ஏதாவது ஒன்னுதான்."

கூடத்தில் நின்ற எல்லோரும் அருள்மேரியைப் பார்த்தார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவர்களுக்கு. அவளுக்கு இருந்தது.

ஊட்டிக் குளிரில் பூக்கும் பான்சியை வெயில் கொளுத்தும் பீர்க்கன்கரணையில் பூக்க வைக்கிறேன் என்று கிளம்பியவர் அவள் புருஷன். முட்டை அட்டைக் குழிகளில் தேங்காய் நார்த்தூளை நிரப்பி, குழிக்கொரு விதை போட்டு, வெளிச்சம் படக்கூடாதென்று தன் பழைய கறுப்புக் கோட்டால் மூடி, படுக்கையறை ஏசியைப் பதினெட்டில் வைத்துவிட்டார். அந்த அறைக்குள் நுழைந்த கொசு ஸ்வெட்டர் கேட்டது. மீன் குழம்பைக் கட்டிலடியில் வைத்திருந்தால் கிறிஸ்துமஸ் வரைக்கும் கெட்டிருக்காது.

பன்னிரண்டாம் நாள் முளைக்கும், அதற்குள் கோட்டைத் தூக்கிப் பார்க்கக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். முளைக்கவே முளைக்காது என்பது அருள்மேரியின் தம்பி ஏசுபாதத்தின் தீர்ப்பு. அவர் முப்பது வருஷம் தாவரவியல் நடத்திய வாத்தியார். "இந்த ஊரு சூட்டுக்கு அவிஞ்சுதான் போவும் மாமா. தாளிச்சு சாப்டுங்க" என்று சிரித்தார்.

பத்தாம் நாள் விடிகாலையில், தண்ணீர் தெளிக்கிற பாட்டிலைக் கையில் பிடித்தபடியே எட்மண்ட் கட்டிலோரம் சாய்ந்துவிட்டார்.

அருள்மேரி உள்ளே போய் ஏசியை அணைத்தாள். மாரி மெயினைத் தூக்கிவிட, பெட்டி ஓட ஆரம்பித்தது. முட்டை அட்டையைத் தாம்பாளத்தோடு தூக்கி வந்து, கோட்டு விலகாமல், பெட்டியின் கண்ணாடி மூடியில் எட்மண்டின் காலுக்கு நேராக வைத்தாள்.

"அக்கா, இன்னா பண்றே?" என்றார் ஏசுபாதம்.

"ஜில்லுனு கீது. இருக்கட்டும்."

"பொணத்து மேல மண்ண வெச்சா நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

"மண்ணு இல்ல, நார்த்தூளு. வாத்தியாருக்கு இதுகூட தெரியாதா?"

எட்மண்ட் வாழ்நாளில் சொன்னதில் பாதிக்கு மேல் புளுகு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மனுஷன் இன்னும் வாசல் தாண்டவில்லை. இந்தக் கடைசிச் சொல்லையும் புளுகாக்கி அனுப்ப அவளுக்கு மனசில்லை.

மகள் ஜாஸ்மின் கனடாவிலிருந்து வந்து சேர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். அதுவரை அருள்மேரி அந்தக் காலடியை விட்டு அசையவில்லை. வந்த மாலைகளை எல்லாம் தலைமாட்டில் போடச் சொன்னாள். பாஸ்டர் ஜெபத்தை முடித்துவிட்டுத் தாம்பாளத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அவள் திருப்பிப் பார்த்த பார்வையில், விட்ட இடத்திலிருந்து இன்னொரு ஜெபம் ஆரம்பித்துவிட்டார்.

"தொறந்து பாத்துடேன்க்கா. ஒன்னும் இருக்காது, மனசு ஆறிப்போவும்" என்றார் ஏசுபாதம்.

"பன்னண்டாம் நாளுன்னாரு."

"அவரு இன்னா இன்னாவோ சொல்லுவாரு. ஓடுற எக்ஸ்பிரஸ்ஸ ஒத்தக் கையால நிறுத்தினேன்னுகூட சொன்னாரு."

"நிறுத்துனாரு. சங்கிலிய புடிச்சு இழுத்து."

பன்னிரண்டாம் நாள் காலையில் ஜாஸ்மின் வந்தாள். அழுது ஓய்ந்து, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தாம்பாளத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மூன்று மணிக்கு வண்டி வாசலில் வந்து நின்றது.

"மூடிய தொறக்கணும்மா" என்றான் மாரி.

அருள்மேரியின் இரண்டு கைகளும் தாம்பாளத்தின் விளிம்பில் இருந்தன. தூக்கவில்லை. இத்தனை பேரை எதிர்த்து நின்றவளுக்கு ஒரு கோட்டை விலக்கக் கை வரவில்லை.

ஏசுபாதம் கிட்ட வந்தார். "நான் பாக்கட்டுமாக்கா?"

அவள் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பாரு."

கோட்டு விலகும் சத்தம் கேட்டது. அவள் திரும்பியபோது ஏசுபாதம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவும் மாட்டிக்கொண்டு குனிந்தார். வாசலில் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். நிமிராமலே, இருப்பா என்று கையைத் தூக்கிக் காட்டினார்.

"மூணு" என்றார். விரலைக் கிட்டே கொண்டுபோனார், தொடவில்லை.

"மாமா வூட்ல இருக்கச்சொல்லவே மொளைச்சிருச்சுக்கா."